திறந்தே கிடக்கும் டேப்கள்

இணையப் பக்கங்களைக் காட்டும் பிரவுசரில் இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியே விண்டோ, அதற்குள் டேப். விண்டோ என்பது திரையில் தனியாக நகர்த்தவும் சுருக்கவும் மறைக்கவும் முடிகிற ஒரு சட்டம். டேப் என்பது அந்தச் சட்டத்தின் தலைமாட்டில் வரிசையாக நிற்கும் பட்டைகளில் ஒன்று. ஒவ்வொரு பட்டைக்குப் பின்னாலும் ஒரு முழுப் பக்கம் காத்திருக்கிறது. சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒன்றுதான் கண்ணில் படும். ஒரே நாளில் பல வேலைகளைக் கையில் வைத்திருப்பவர்களின் பிரவுசர் குழம்பிப்போவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டு அடுக்குகளும் கலந்துவிடுவதே காரணம். விண்டோ பிரித்துக் காட்ட வேண்டியதை டேப்களே சுமக்கின்றன. இரண்டுமே சுமக்க வேண்டாத ஒன்றையும், அதாவது நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையையும், அவற்றின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

விண்டோவிலிருந்து டேப்புக்கு

டேப் இணையத்தோடு கூடப் பிறந்ததல்ல. ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரிலும், 1993இல் வந்து இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற மொசைக்கிலும் அது கிடையாது. இன்னொரு பக்கத்தையும் திறந்துவைத்துக்கொள்ள வேண்டுமானால் இன்னொரு விண்டோ தேவை. 1994இல் புக்லிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட இன்டர்நெட்வொர்க்ஸ் பிரவுசரில் டேப் எட்டிப்பார்த்தது. அந்த நிறுவனத்தை ஏஓஎல் வாங்கியது, பிரவுசர் மறக்கப்பட்டது. 1990களின் இறுதியில் ஆடம் ஸ்டைல்ஸ் என்பவரின் நெட்கேப்டர் அதே யோசனையை மறுபடி கொண்டுவந்தது. நார்வேயின் ஓபரா, ஒரு பெரிய விண்டோவுக்குள் பல சிறு விண்டோக்களை அடுக்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே பின்பற்றிவந்தது.

மொசில்லா 2001இலும், ஆப்பிளின் சஃபாரி 2003இலும் டேப்களைச் சேர்த்துக்கொண்டன. 2004 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ்தான் அவற்றை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுசென்றது. அன்று உலகின் பெரும்பாலான கணினிகளில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் அசையவில்லை. 2001இல் வந்த அதன் ஆறாம் பதிப்பில் டேப் இல்லை; ஏழாம் பதிப்பு வர 2006 அக்டோபர் ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் திரையின் அடிப்பட்டை முழுவதும் ஒரே மாதிரியான நீல நிற 'ஈ' சின்னங்கள்தான். இத்தகைய நெரிசலைச் சமாளிக்க விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரே மென்பொருளின் விண்டோக்களை ஒரு பொத்தானுக்குள் திரட்டும் வசதி சேர்க்கப்பட்டது.

டேப் பரவியதில் இணைப்பின் வேகக் குறைவுக்கும் பங்கு உண்டு. தொலைபேசிக் கம்பி வழியாக வரும் டயல்-அப் இணைப்பில் ஒரு பக்கம் முழுதாக வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விடும். தேடலில் கிடைத்த நான்கைந்து இணைப்புகளைப் பின்னணி டேப்களில் திறந்துவிட்டால், முதல் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மற்றவை வந்துவிடும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது கண்கூடான லாபம். இன்று பக்கங்கள் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடுகின்றன. ஆனாலும் 'முதலில் எல்லாவற்றையும் திறந்துவைப்போம், பிறகு பார்ப்போம்' என்ற பழக்கம் தங்கிவிட்டது. மவுஸின் நடுச்சக்கரத்தை ஓர் இணைப்பின் மேல் அழுத்தினால் அது பின்னணி டேப்பில் திறக்கும். ஒரு டேப்பைத் திறப்பதற்கு ஆகும் உழைப்பு அவ்வளவுதான்.

ஒரு டேப்புக்கு என்ன செலவு?

2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் குரோம் வெளியானது. சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை முன்னின்று நடத்திய திட்டம் அது. அதன் உள்ளமைப்பை விளக்க, ஸ்காட் மெக்கிளவுட் என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படக்கதையே வெளியிட்டார்கள். அந்தக் கதையின் மையச் செய்தி இது: பழைய பிரவுசர்களில் எல்லா டேப்களும் ஒரே செயல்முறைக்குள் ஓடின. ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் பிரவுசரே உறைந்துவிடும். ஒன்று விழுந்தால் எல்லாமே விழும். குரோமில் டேப்கள் தனித்தனிச் செயல்முறைகளாக ஓடும். ஒன்று செத்தாலும் பக்கத்து டேப்பில் பாதி எழுதிய மின்னஞ்சல் பிழைத்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸும் 2016 முதல் படிப்படியாக இந்த வழிக்கு வந்தது.

இந்தப் பாதுகாப்புக்கு விலை, நினைவகம். ஒவ்வொரு செயல்முறைக்கும் கணினியின் ரேமில் தனி இடம் வேண்டும். 2018இல் ஸ்பெக்டர் என்ற நுண்செயலிக் குறைபாடு தெரியவந்தபின் குரோம் இன்னொரு படி போனது. ஒரே பக்கத்துக்குள் வேறு வேறு தளங்களிலிருந்து வரும் பகுதிகளையும் தனித்தனியே பிரித்து ஓட்டத் தொடங்கியது. அதனால் நினைவகத் தேவை 10 முதல் 13 சதவீதம் வரை கூடும் என்று கூகுளே அறிவித்தது.

ரேம் நிரம்பியதும் கணினி, உடனடியாகத் தேவைப்படாதவற்றை வன்தட்டுக்கு அனுப்பிவிட்டுத் தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. அப்படி எடுக்கும் நேரத்தில்தான் மவுஸ் சுட்டி சுழன்றுகொண்டே நிற்கும். ஆகவே 'டேப் அதிகமானால் கணினி மெதுவாகும்' என்பது பாதி உண்மைதான். வெறும் எழுத்தும் சில படங்களும் உள்ள பத்துக் கட்டுரைகளைவிட, நாள் முழுதும் திறந்திருக்கும் ஒரு மின்னஞ்சல் டேப்போ, இணையத்தில் ஓடும் ஒரு பெரிய விரிதாளோ அதிக இடத்தைப் பிடிக்கலாம். எது தின்கிறது என்று ஊகிக்க வேண்டிய அவசியமில்லை. விண்டோஸ் கணினியில் குரோமைத் திறந்து ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், எந்த டேப் எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்ற பட்டியல் வரும். பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆச்சரியப்படுவார்கள். சந்தேகப்பட்ட டேப் ஒன்றாக இருக்கும், குற்றவாளி வேறாக இருக்கும்.

பார்க்கப்படாத டேப்களைப் பிரவுசர்களே அடக்கிவைக்கின்றன. பின்னணி டேப்பில் இயங்கும் நிரல்களைக் குரோம் முதலில் நொடிக்கு ஒரு முறைக்கு மேல் எழவிடுவதில்லை. 2021 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேப் நிமிடத்துக்கு ஒரு முறைதான் கண் விழிக்கும். இசை ஒலித்துக்கொண்டிருக்கும் டேப் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அடுத்த கட்டம் உறக்கம். எட்ஜ் பிரவுசரில் 2021இலும் குரோமில் 2022இன் இறுதியிலும் வந்த நினைவகச் சேமிப்பு வசதிகள், நெடுநேரம் தொடாத டேப்பை உறங்கவைத்து ரேமில் இடத்தை விடுவிக்கின்றன. தலைப்பும் சின்னமும் மட்டும் மேலே நிற்கும். சொடுக்கினால் பக்கம் மறுபடி வரும். குரோமில் பக்கம் புதிதாகவே ஏற்றப்படுகிறது என்பதால், இணையம் இல்லாத ரயில் பயணத்தில் படிக்கலாம் என்று திறந்துவைத்த கட்டுரை அங்கே வெற்றுப் பக்கமாக நிற்கக்கூடும். அப்படித் தேவைப்படுவதை பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்வதே உறுதியான வழி.

மனிதருக்கு ஆகும் செலவு

கணினி ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது விட்ட இடத்தை அப்படியே குறித்துவைத்துக்கொள்கிறது. மனித மூளைக்கு அந்தத் திறன் இல்லை. கையாளும் நினைவில் ஒரே நேரத்தில் தங்கக்கூடியவை ஏழு உருப்படிகள் அளவுக்குத்தான் என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001இல் அதை நான்காகக் குறைத்தார். அதே 2001இல் ஜோஷுவா ரூபின்ஸ்டைன், டேவிட் மேயர், ஜெஃப்ரி எவன்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, வேலை மாறும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் கரைகிறது என்றும், வேலை சிக்கலாக ஆக இழப்பும் கூடுகிறது என்றும் காட்டியது. 2009இல் சோஃபி லெராய், முடிக்காமல் விட்ட வேலையின் எச்சம் அடுத்த வேலையின்போதும் மனத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சோதனைகளில் கண்டார். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் குழுவினர் 2008இல் கண்டது சற்று விசித்திரமானது. இடையூறுக்கு ஆளானவர்கள் வேலையை இன்னும் விரைவாகவே முடித்தார்கள். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடின.

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு 'டேப்களைக் குறையுங்கள்' என்று அறிவுரை சொல்வது எளிது, ஆனால் தவறு. ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவதெல்லாம் வேலை மாற்றம் ஆகாது. அகராதியும் கட்டுரையும் வேறு வேறு டேப்களில் இருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்கு அது ஒரே வேலை. பன்னிரண்டு டேப்கள் ஒரே வேலைக்கு என்றால் மனம் அலையாது. ஐந்து டேப்கள் ஐந்து வேலைகளுக்கு என்றால், ஒவ்வொரு முறை மேலே பார்க்கும்போதும் முடிக்காத நான்கு வேலைகள் தெரியும். எண்ண வேண்டியது டேப்களை அல்ல, ஒரு விண்டோவுக்குள் கலந்து கிடக்கும் வேலைகளை.

பிறகு ஏன் யாரும் டேப்களை மூடுவதில்லை? டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் டுப்ராயும் ரவின் பாலகிருஷ்ணனும் 2010இல் ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களிடையே நடத்திய ஆய்வு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: பலருக்கு டேப் ஒரு நினைவூட்டல். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் இதே கேள்வியை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். கண்ணை விட்டு மறைந்தால் காரியமும் மறந்துபோகும் என்ற அச்சம் பங்கேற்றவர்களிடம் இருந்தது. புக்மார்க்கில் போட்டால் கருந்துளைக்குள் போட்டதுபோல் என்று அவர்கள் கருதினார்கள். டேப்களின் எண்ணிக்கையால் பிரவுசரோ கணினியோ முடங்கியதாக, ஆய்வின் ஒரு பகுதியில் சுமார் 25 சதவீதத்தினர் சொன்னார்கள்.

அந்த அச்சம் அர்த்தமற்றது அல்ல. பெரும்பாலான புக்மார்க் பட்டியல்கள் போன வழி தெரியாத கிடங்குகளாகத்தான் இருக்கின்றன. ஆனால் டேப்பும் நல்ல நினைவூட்டல் இல்லை. எண்ணிக்கை கூடக்கூடப் பட்டை குறுகி, தலைப்பு மறைந்து, தளத்தின் சிறு சின்னம் மட்டும் மிஞ்சும். ஒரே தளத்தின் ஆறு டேப்கள் ஆறு ஒரே மாதிரியான புள்ளிகளாகிவிடும். தமிழ்த் தலைப்புகளுக்கு இந்தக் கஷ்டம் சீக்கிரமே வருகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. ஆங்கிலத் தலைப்பில் மூன்று சொல் தெரியும் இடத்தில் தமிழில் ஒரு சொல்லே முழுதாகத் தெரியாது. மறக்காமல் இருக்கத் திறந்துவைத்தது எதுவென்றே தெரியாமல் போனபின் அதற்குக் காவல் இருப்பதில் பொருளில்லை.

ஒரு வேலைக்கு ஒரு விண்டோ

வருமான வரிக் கணக்குத் தாக்கலை எடுத்துக்கொள்ளலாம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் தாமே தாக்கல் செய்ய உட்கார்ந்தால் குறைந்தது ஐந்து டேப்கள் வரும். வருமான வரித் துறையின் தளம் ஒன்று. படிவம் 26ஏஎஸ் பார்க்கச் சொடுக்கினால் டிரேசஸ் என்ற வேறு தளம் தனி டேப்பில் திறக்கும். ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு இன்னொன்று. அலுவலகம் அனுப்பிய படிவம் 16 மின்னஞ்சலில் இருக்கிறது. வைப்புத் தொகையின் வட்டிக்கு வங்கித் தளம். இவை ஐந்தும் ஒரே வேலை. ஆனால் இவற்றுக்கு நடுவே கிரிக்கெட் ஸ்கோரும், பாதி பார்த்த சமையல் வீடியோவும், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மிக்ஸியும் இருந்தால், 26ஏஎஸ் டேப்பைத் தேடுவதே தனி வேலையாகிவிடும்.

இங்கேதான் விண்டோவுக்கு வேலை. ஒரு டேப்பைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் அது தனி விண்டோவாகப் பிரியும். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி பல டேப்களைத் தேர்ந்தெடுத்தால் கூட்டாகவே இழுக்கலாம். வரிக்கான ஐந்தும் ஒரு விண்டோவில், மற்றவை இன்னொன்றில். அந்த இன்னொன்றைச் சுருக்கிவிட்டால் மிக்ஸியும் ஸ்கோரும் எங்கும் போய்விடாது, கண்ணிலும் படாது.

தொகைகளை ஒப்பிடும் நேரத்தில் இரண்டு பக்கங்கள் அருகருகே தெரிய வேண்டும். டேப்களால் இது எளிதில் முடியாது. மாறி மாறிப் பார்த்து எண்களை மனத்தில் தூக்கிச் செல்லும்போதுதான் பிழை நுழைகிறது. 26ஏஎஸ்ஸைத் தனி விண்டோவாக்கி, விண்டோஸ் விசையோடு இடது அம்பை அழுத்தினால் அது திரையின் இடது பாதியில் ஒட்டிக்கொள்ளும். மற்றதை வலது அம்பால் வலப்பக்கம் ஒட்டலாம். 2009இல் விண்டோஸ் 7 கொண்டுவந்த வசதி இது. மேக் கணினிகளில் விண்டோவின் பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் இதே போன்ற ஏற்பாடு கிடைக்கும். திரையும் போதாமல் போகிறவர்களுக்கு மெய்நிகர் மேசைகள் உண்டு. விண்டோஸ் 10 முதல் விண்டோஸ், கன்ட்ரோல், டி (ஆங்கில D) மூன்றையும் அழுத்தினால் காலியான புதிய மேசை ஒன்று பிறக்கும். அலுவலக வேலையை ஒன்றிலும் வீட்டு வேலையை இன்னொன்றிலும் பரப்பிக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் விண்டோவையே மூடிவிடலாம். மறுபடி தேவைப்படும் பக்கங்கள் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (அகராதி வரிசையில் நான்காவதாக வரும் ஆங்கில எழுத்து) மூன்றையும் சேர்த்து அழுத்தினால், அந்த விண்டோவின் எல்லா டேப்களும் ஒரே புக்மார்க் கோப்புறைக்குள் போகும். கோப்புறைக்கு ஆண்டோடு சேர்த்துப் பெயர் வைத்தால் கிடங்குப் பிரச்சினை பாதி தீரும். ஒன்று கவனிக்க வேண்டும்: கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்தபின் தெரியும் பக்கங்களைப் புக்மார்க் செய்தால் பயன் குறைவு. சில நிமிடம் தொடாமல் விட்டாலே வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் வெளியே தள்ளிவிடும். அங்கே காக்க வேண்டியது முகவரியை அல்ல, தரவிறக்கிய ஆவணத்தை.

தனித்தனி விண்டோக்கள் பிடிக்காதவர்களுக்காகக் குழுக்கள் வந்தன. ஓபரா 2010இல் ஒரு டேப்பின் மேல் இன்னொன்றை அடுக்கும் வசதியைத் தந்தது. 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4இல் வந்த பனோரமா, டேப்களைப் படங்களாகச் சுருக்கி, விரும்பியபடி கூட்டம் கூட்டமாகப் பரப்பிக்கொள்ளவிட்டது. ஏசா ராஸ்கின் வடிவமைத்த அழகான யோசனை. பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு என்று 2016இல் நீக்கப்பட்டது. குரோம் 2020இல் நிறமும் பெயரும் கொண்ட எளிய குழுக்களைக் கொண்டுவந்தபோது அது நிலைத்தது. காரணம், தனித் திரைக்குப் போக வேண்டியதில்லை. அதே பட்டையிலேயே சொடுக்கினால் குழு மடங்கும், மறுபடி சொடுக்கினால் விரியும். ஃபயர்ஃபாக்ஸும் 2025இல் அதே பாணியில் குழுக்களுக்குத் திரும்பியது.

இதைவிடப் பயனுள்ள மாற்றம் டேப்களைச் செங்குத்தாக அடுக்குவது. இன்றைய திரைகள் அகலமானவை. பெரும்பாலான பக்கங்களின் இரு ஓரமும் காலியாகவே கிடக்கும். அந்த இடத்தில் டேப்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் முப்பது தலைப்புகளும் வாசிக்கக் கிடைக்கும், தமிழ்த் தலைப்பு உட்பட. விவால்டி பிரவுசர் இதை முதலிலிருந்தே தந்தது. எட்ஜில் 2021இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2025இலும் வந்தது. ஒரு முறை பழகியவர்கள் பழைய முறைக்குத் திரும்புவது அரிது.

சிறு வசதிகள் சிலவும் சொல்லத் தக்கவை. தவறி மூடிய டேப்பை கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (இந்த முறை டேப் என்ற சொல்லின் முதலெழுத்து) மூன்றும் திரும்பக் கொண்டுவரும். திரும்பத் திரும்ப அழுத்தினால் முந்தையவையும் வரும். இது தெரிந்தவர்களுக்கு மூடும் பயம் பாதி குறைந்துவிடும். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்தித் திறந்திருக்கும் டேப்களுக்குள்ளேயே தேடலாம்; ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பெட்டியில் சதவீதக் குறியும் ஓர் இடைவெளியும் விட்டுத் தட்டினால் போதும். கன்ட்ரோலோடு 1 முதல் 8 வரையிலான எண்கள் அந்தந்த வரிசை டேப்புக்குத் தாவும்; 9 மட்டும் எத்தனை டேப் இருந்தாலும் கடைசி டேப்புக்குப் போகும். நாள் முழுதும் வேண்டிய மின்னஞ்சல் போன்றவற்றைப் பின் செய்தால் அவை சிறுத்து இடது ஓரத்தில் ஒதுங்கும், கைதவறி மூடும் வாய்ப்பும் குறையும்.

இரண்டு கணக்குகள், ஒரு பிரவுசர்

டேப்களும் விண்டோக்களும் கண்ணுக்குப் பிரிந்திருந்தாலும் உள்ளே ஒரு விஷயத்தில் பிரிவதில்லை. ஒரு தளத்தில் உள்நுழைந்த அடையாளத்தைப் பிரவுசர் குக்கி என்ற சிறு குறிப்பாகச் சேமிக்கிறது. அது எல்லா டேப்களுக்கும் பொது. ஆகவே ஒரு டேப்பில் கணவர் கணக்கிலும் இன்னொன்றில் மனைவி கணக்கிலும் ஒரே தளத்துக்குள் நுழைய முயன்றால், பெரும்பாலும் பின்னால் நுழைந்தவர் முன்னவரை வெளியேற்றுவார். அதைவிட ஆபத்து, முதல் டேப்பில் முன்னவர் பெயர் இன்னும் தெரிந்துகொண்டிருக்க, அனுப்பும் தகவல் பின்னவர் கணக்கில் ஏறுவது. பல வங்கித் தளங்கள் இரண்டாவது டேப்பைக் கண்டதுமே வெளியேற்றுவது இதைத் தவிர்க்கத்தான்.

இதற்குச் சரியான தீர்வு புரொஃபைல். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் குக்கி, புக்மார்க், கடவுச்சொல், வரலாறு எல்லாம் தனி. அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்தால் ஒன்றின் விண்டோ இன்னொன்றை அறியாது. வரலாற்றைச் சேமிக்காத இன்காக்னிடோ விண்டோவும் தற்காலிகமாக இந்த வேலையைச் செய்யும். ஆனால் பலர் நினைப்பதற்கு மாறாக, குரோமில் ஒரே நேரத்தில் திறந்த எல்லா இன்காக்னிடோ விண்டோக்களும் குக்கிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. மூன்று பேரின் கணக்குகளை மூன்று இன்காக்னிடோ விண்டோக்களில் பிரிக்க முடியாது.

நெடுநாள் திறந்து கிடக்கும் டேப்களால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பனோரமாவை வடிவமைத்த அதே ராஸ்கின் 2010இல் அதை விளக்கிக் காட்டினார். யாரும் பார்க்காதபோது பின்னணியில் உள்ள ஒரு பக்கம் தன் சின்னத்தையும் தலைப்பையும் தோற்றத்தையும் மாற்றி, மின்னஞ்சலின் உள்நுழைவுப் பக்கம்போல் நிற்க முடியும். முப்பது டேப்களுக்கு நடுவே திரும்பி வருபவர், 'வெளியேற்றிவிட்டது போலிருக்கிறது' என்று நினைத்துக் கடவுச்சொல்லைத் தட்டிவிடுவார். உள்நுழைவுப் பக்கம் தானாக எதிரே வந்தால், அந்த டேப்பை மூடிவிட்டுத் தளத்தின் முகவரியை மறுபடி தட்டி நுழைவதே பாதுகாப்பு.

டேப்களை நிர்வகிக்கும் நீட்சிகளையும் யோசித்தே நிறுவ வேண்டும். அவற்றில் பலவும் எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதி கேட்கின்றன. டேப்களை உறங்கவைத்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற நீட்சி லட்சக்கணக்கானோரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. வேறு கைக்கு மாறியபின் அதில் தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. அது செய்த வேலையைப் பிரவுசர்களே இன்று செய்கின்றன. படிக்க எடுத்துவைக்கும் பாக்கெட் சேவையும் 2025 ஜூலையில் மூடப்பட்டது. இன்னொருவர் தளத்தில் சேர்த்துவைத்த பட்டியலின் ஆயுள் அந்தத் தளத்தின் ஆயுள்தான். புக்மார்க்குகளை அவ்வப்போது ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வது நல்லது.

கைபேசியில்

கைபேசியில் நிலைமை வேறு. டேப் பட்டை கிடையாது. பல பிரவுசர்களில் சதுரத்துக்குள் ஓர் எண் மட்டும் தெரியும். கண்ணில் படாததால் டேப்கள் ஓசையின்றிப் பெருகும். ஆண்ட்ராய்டு குரோமில் எண்ணிக்கை 99ஐத் தாண்டினால் எண் போய், அந்த இடத்தில் ஒரு சிரிக்கும் முகம் வந்துவிடும். ஐபோன் சஃபாரி 500 வரை விடும். நினைவகம் குறைவு என்பதால் இவற்றில் பெரும்பாலானவை உண்மையில் திறந்திருப்பதில்லை; முகவரியும் ஒரு சிறு படமும்தான் சேமிப்பில் இருக்கும். ஆகவே கைபேசியில் டேப்களை மூடுவதால் வேகம் பெரிதாகக் கூடிவிடாது. தேடுவது எளிதாகும், அவ்வளவுதான்.

மூடும் வேலையை இயந்திரத்திடமே விடவும் முடியும். ஐபோனின் அமைப்புகளில் சஃபாரி பகுதிக்குள், டேப்களை ஒரு நாள், ஒரு வாரம் அல்லது ஒரு மாதம் கழித்துத் தானாக மூடச் சொல்லலாம். ஆண்ட்ராய்டு குரோம், பல வாரம் தொடாத டேப்களைச் செயலற்றவை என்று தனியே ஒதுக்கிவைக்கிறது. கணினியில் ஆர்க் பிரவுசர் இன்னும் கண்டிப்பானது: பின் செய்யாத டேப்களை இயல்பாகவே 12 மணி நேரத்தில் காப்பகத்துக்கு அனுப்பிவிடும், வேண்டுமானால் அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம், அந்தக் கால அளவையும் கூட்டிக்கொள்ளலாம்.